கலைப்பிரியா பெயரில் விளக்கு வேண்டாம்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும், கல்லூரி முதல்வராக இருந்து ஓய்வுபெற்ற ஐயா கோகுலகிருஷ்ணன் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் கடலோரச் சுற்றுலா வளர்ச்சிக் குழுவின் தலைவர் ஜெகதீசன் அவர்களே, இன்றைக்குக் கடலுக்குப் போகாமல் மரக்காணத்திலிருந்து திண்டிவனம் வந்திருக்கும் மீனவச் சொந்தங்களே, ஒலக்கூரிலிருந்து வேன் பிடித்து வந்திருக்கும் விவசாயப் பெருமக்களே, அழுது அழுது முகம் வீங்கி உட்கார்ந்திருக்கும் மாணவிகளே, எல்லாருக்கும் மேலாக, முதல் வரிசையில் மகளைப் பறிகொடுத்து உட்கார்ந்திருக்கும் வீரம்மாள் அம்மா அவர்களே.

இரங்கல் கூட்டத்தில் பேசுகிறவனுக்குக் குரல் தழுதழுக்க வேண்டும். அதுதான் முறை. என் குரல் இன்று தழுதழுக்காது. வீட்டை விட்டுக் கிளம்பும்போது துக்கத்தோடுதான் கிளம்பினேன். எனக்கு முன்னால் பேசிய ஜெகதீசன் அவர்கள் அதைக் கோபமாக மாற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறார்.

அவர் என்ன சொன்னார்? பிந்தி வந்தவர்களுக்காகத் திரும்பச் சொல்கிறேன். மறைந்த பேராசிரியர் முனைவர் கலைப்பிரியா அவர்களின் நினைவைப் போற்றும் வகையில், மரக்காணத்துக்குப் பக்கத்தில், கழுவேலி ஏரி ஓரத்துக் கோரைக்காட்டின் கரையில், ஓர் உயர்கோபுர மின்விளக்கு அமைக்கப்படும் என்றார். நாம் ஹைமாஸ் என்கிறோமே, அந்த விளக்கு. அதன் அடியில் அம்மையாரின் பெயர் பொறித்த கல்வெட்டும் வைக்கப்படுமாம். நீங்கள் கை தட்டினீர்கள். இரங்கல் கூட்டத்தில் உட்கார்ந்துகொண்டு கை தட்டினீர்கள். தட்டியவர்களில் பாதிப் பேருக்கு அவர் என்ன வேலை செய்தார் என்பதே தெரியாது என்று நினைத்து மனதைத் தேற்றிக்கொள்கிறேன்.

பேராசிரியர் கலைப்பிரியா எங்கே போய்த் திரும்பும்போது இறந்தார்? போன திங்கட்கிழமை விழுப்புரம் போனார். குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தார். ஸ்கூட்டரில் திரும்பி வருகையில் கூட்டேரிப்பட்டில் லாரி மோதியது. அது என்ன மனு? கோரைக்காட்டின் கரையில் ஹைமாஸ் விளக்கு வைக்கக் கூடாது என்கிற மனு. எந்த விளக்கை நிறுத்தச் சொல்லி அலைந்து உயிரை விட்டாரோ, அந்த விளக்குக்கு அவர் பெயரையே வைக்கப் போகிறோம் என்கிறார்கள். அதற்குத்தான் அந்தக் கைதட்டல்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் வெற்றிச்செல்வன், இந்த ஊர் கோர்ட்டில் வக்கீல். அம்மையாரின் மனுக்களை எழுதிக் கொடுத்தவன். குறுக்கு விசாரணை செய்தே பழகிவிட்டேன், அதனால் என் பேச்சில் கேள்விகள் அதிகமாக இருக்கும். பதில் சொல்ல வேண்டியவர்கள் எனக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

வாசலில் ஒரு பேனர் வைத்திருக்கிறீர்கள். அம்மையாரின் தலைக்கு மேல் பறவைகள் பறக்கின்றன. பூநாரை இருக்கிறது, புறா இருக்கிறது, பச்சைக்கிளி இருக்கிறது. பெங்குயின் இல்லாத வரைக்கும் நன்றி. அவர் ஆயுளெல்லாம் எந்தக் குருவியின் பின்னால் அலைந்தாரோ அது மட்டும் அந்தப் பேனரில் இல்லை.

அந்தக் குருவியின் பெயர் தகைவிலான். பெயர் தெரியாவிட்டாலும் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். மழைக்காலம் தொடங்கும்போது கரண்ட் கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருக்குமே, வால் இரண்டாகப் பிரிந்து, தொண்டை மட்டும் செம்மண் நிறத்தில், சன்னமாக விடாமல் பாடிக்கொண்டு, அதுதான். அது நம்மூர்க் குருவி இல்லை. இமயமலைப் பக்கத்திலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் வருகிறது. கோடை முற்றுவதற்குள் திரும்பிப் போய்விடும். இங்கே இருக்கிற மாதங்களில் பகலெல்லாம் நம் வயல்களின் மேல் பறந்து பறந்து பூச்சி பிடிக்கும். சரி, பொழுது சாய்ந்தால் எங்கே போகிறது? இத்தனை வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், நம்மில் யாராவது கேட்டோமா? கலைப்பிரியா கேட்டார்.

மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர் அல்லவா, வலை கட்ட யாரும் அவருக்குச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. முறையாக அனுமதி வாங்கி, மயிரிழை போன்ற வலையைக் கட்டி, குருவியைக் காயமில்லாமல் பிடிப்பார். அதன் முதுகில், வேர்க்கடலை, அதுதான் நம் மல்லாட்டை, அதன் பருப்பை விட லேசான ஒரு கருவியைப் பொருத்தி விட்டுவிடுவார். அது சிக்னல் அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்தச் சிக்னலைக் கேட்க ஊர் ஊராக ஆன்டெனா வைத்தார். மரக்காணத்தில் எங்கள் மீன் ஏலக் கூடத்தின் மேல் ஒன்று, பிரம்மதேசத்தில் ஒரு மாடி வீட்டில் ஒன்று, கூட்டேரிப்பட்டில் பரோட்டாக் கடையின் மொட்டை மாடியில் ஒன்று, ஒலக்கூரில் நம் சுப்பராயலு அவர்களின் மோட்டார் கொட்டகை மேல் ஒன்று. குருவி எந்த ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் வருகிறதோ அது கேட்டுச் சொல்லிவிடும். மரக்காணத்து ஏலக் கூடத்தை 'எங்கள்' என்று சொல்லிவிட்டேன். எனக்கு அந்த ஊர் இல்லை. அவரோடு போய்ப் போய் அப்படி ஆகிவிட்டது.

சுப்பராயலு அவர்கள் அதோ நான்காவது வரிசையில் இருக்கிறார். கோபித்துக்கொள்ள மாட்டார், சொல்கிறேன். ஆன்டெனா வைத்த கொஞ்ச நாளிலேயே ஒலக்கூரில் சிக்னல் விழவில்லை. அம்மையார் ஒயரைப் பார்த்தார், பேட்டரியைப் பார்த்தார், ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் கொட்டகை மேல் ஏறிப் பார்த்தால், ஆன்டெனாவின் தலையில் ஓட்டை அலுமினியக் குண்டான் ஒன்று கவிழ்ந்திருக்கிறது. அதில் சுண்ணாம்பால் கண்ணும் மூக்கும் வரைந்திருக்கிறது. கேட்டால் சுப்பராயலு சொல்கிறார்: "இன்னா மேடம் பண்றது, சுத்துப்பட்டு ஊர்ல எங்கயும் இல்லாத சாமான் என் கொட்டாய்ல கீது. போறவன் வர்றவன்லாம் பாத்துக்கினே போறான். கண்ணு பட்டுட்டா?" அம்மையார் கோபித்துக்கொள்ளவில்லை. குண்டானை இறக்கி, கொட்டகைக் கதவில் மாட்டிவிட்டு, "அண்ணா, கொட்டாய்க்கே சேர்த்துத் திருஷ்டி கழிச்சாச்சு" என்று சொல்லிவிட்டு வந்தார். இரங்கல் கூட்டத்தில் சிரிக்கிறீர்களே என்று கேட்க மாட்டேன், சிரியுங்கள். அவரை நினைத்தால் சிரிப்பும் வரும்.

அந்த ஆன்டெனாக்கள் என்ன சொல்லின? ஒலக்கூர் வயலில் பகலெல்லாம் கேட்ட அதே குருவி, பொழுது சாயும்போது பிரம்மதேசத்தைத் தாண்டுகிறது. விளக்கு வைக்கிற நேரத்தில் மரக்காணத்து ஏலக் கூடத்தில் கேட்கிறது. கூட்டேரிப்பட்டுக் குருவியும் அங்கேதான் வருகிறது. இந்தச் சுற்றுவட்டாரத்தில் அவர் கருவி பொருத்திய குருவிகளெல்லாம் ராத்திரி தூங்க ஒரே ஓர் இடத்துக்குத்தான் போகின்றன. அந்தக் கோரைக்காட்டுக்கு. வேறு கோரை இல்லையா என்றால், இருந்தது. தூர்த்து மனை போட்டாயிற்று. மிச்சம் இருப்பது அது ஒன்று.

அதன் தலைக்கு மேல்தான் ஹைமாஸ் வைக்கிறோம் என்கிறார்கள்.

வைத்தால் என்ன ஆகும் என்று ஊகத்தில் சொல்லவில்லை. பார்த்தாயிற்று. போன தை மாதம், சுற்றுலா வளர்ச்சிக் குழு கடற்கரை விழா என்று ஒன்று நடத்தியது. அழகுக்காகக் கோரைக்கரையில் தற்காலிகமாகப் பெரிய விளக்குகளை நிறுத்தினார்கள். அன்றைக்கு இறங்க வந்த குருவிகள் இறங்கவில்லை. வெளிச்சத்தைச் சுற்றிச் சுற்றி வந்தன. ஏலக் கூடத்து ஆன்டெனாவில் சிக்னல் கடல் பக்கம் போகிறது, திரும்புகிறது, மறுபடியும் போகிறது. மறுநாள் காலையில் உப்பளப் பாத்திகளில் குருவிகள் செத்து மிதந்தன. மீன் விற்கப் போகிற பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பொறுக்கினார்கள். விழா முடிந்த பிறகும் ரொம்ப நாள் கோரையில் குருவி இறங்கவில்லை. அப்போது சுப்பராயலு போன் செய்தார்: "மேடம், வயல்ல ஒரு குருவி இல்ல. மல்லாட்டைக்கு மருந்து அடிச்சு அடிச்சு பேஜாராப் போச்சு. உங்க குருவிங்கள இன்னா பண்ணீங்க?" மரக்காணத்தில் விளக்குப் போட்டால் ஒலக்கூர் வயலில் குருவி காணாமல் போகிறது. இதைக் கண்டுபிடித்துச் சொன்ன அந்த அம்மையார், அப்போதும் அளந்துதான் பேசினார். "வெற்றி சார், பூச்சி ஏறுனதுக்கு இதுதான் காரணம்னு ஒரு வருஷத்தை வெச்சுச் சொல்ல முடியாது. ஆனா குருவி போனது போனதுதான். அதுக்கு ஆதாரம் இருக்கு, அத மட்டும் மனுவுல எழுதுங்க" என்றார். நான் பார்த்த சாட்சிகளில் இவ்வளவு நாணயமான சாட்சி வேறு யாரும் இல்லை.

எத்தனையோ முறை மனு எழுதினோம். குழுவுக்கு எழுதினோம், பதில் இல்லை. நேரில் போனோம், டீ கொடுத்தார்கள். மக்கள் வெளிச்சம் கேட்கிறார்கள் மேடம், நாங்கள் என்ன செய்வது என்றார்கள். எந்த மக்கள்? இதோ மீன் விற்கிற அம்மணி அக்கா வந்திருக்கிறார். குழுவின் கூட்டத்தில் அவர் எழுந்து கேட்டதை ஜெகதீசன் அவர்கள் மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. "இருட்டுல கூடையத் தூக்கிக்கினு பஸ்ஸுக்குப் போறோம். எங்க தெருக் கம்பத்துல ஒண்ணும் எரியல. பாம்பு கீதா, குடிகாரன் கீறானா தெரியல. எங்களுக்குப் போடாத லைட்ட கோரைக்குப் போடுறேன்றீங்க. கோரை எங்க போவுது?" பதில் சொன்னீர்களா?

பேராசிரியர் வெளிச்சத்துக்கு எதிரியா? அந்தத் தெருக் கம்பங்களுக்கு, கீழே மட்டும் வெளிச்சம் விழுகிற மாதிரி மூடி போட்ட விளக்கு வேண்டும் என்று அதே மனுவில் கேட்டிருந்தார். அதுவும் நடக்கவில்லை.

நடந்தது ஒன்றுதான், அதைச் செய்தது மீனவப் பஞ்சாயத்து. ஏலக் கூடத்தில் பெரியவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். குருவிக்காக வலைக் கொட்டகைகளின் பெரிய விளக்கை அணைப்பதா என்று ஒரே சத்தம். கலைப்பிரியா எழுந்தார். கல்லூரித் தமிழெல்லாம் அங்கே இல்லை. "பெரிய போட்டுக்காரன் ராத்திரில லைட்டப் போட்டு மீனக் கூட்டி மொத்தமா வாரிக்கினு போறான். அவன நாம சும்மா உடறோமா? போட்ட மறிச்சுக்கினு சண்டை போடறோம் இல்ல? லைட்டக் காட்டுனா மீன் இன்னா ஆவும்னு நமக்குத் தெரியாதா? குருவிக்கும் அதான் ஆவுது" என்றார். அவ்வளவுதான். புரட்டாசியிலிருந்து பங்குனி வரைக்கும் வலைக் கொட்டகை விளக்குகளைப் பொழுது சாய்ந்ததும் அணைப்பது என்று ஊர்க் கட்டுப்பாடு போட்டார்கள். ஊரில் கட்டுப்பாடு என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். கோர்ட் உத்தரவைக் கூட மீறுவார்கள், அதை மீற மாட்டார்கள். இன்றைக்கும் அந்த விளக்குகள் அணைந்துதான் இருக்கும். கடலோரத்து ஜனங்கள் குருவிக்காகத் தங்கள் விளக்கை அணைத்தார்கள். குழு கோரைக்கரையில் ஹைமாஸ் கம்பத்துக்குக் குழி தோண்டிக் கான்கிரீட் போட்டது.

மேடையிலிருந்து ஒரு சீட்டு வந்திருக்கிறது. சுருக்கமாக முடிக்கவும் என்று எழுதியிருக்கிறது. முடிக்கிறேன். அம்மையாரின் வாழ்க்கையையே இவ்வளவு சுருக்கமாக முடித்தாயிற்று, என் பேச்சென்ன.

ஜெகதீசன் அவர்களே, இப்போது உங்களைப் பார்த்தே சொல்கிறேன். நீங்கள் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது, கோர்ட்டில் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆஸ்பத்திரிக்கு முதலில் ஓடி வந்தவர் நீங்கள். வீரம்மாள் அம்மாவைத் தாங்கிப் பிடித்தவர் நீங்கள். நீங்கள் மனசாரத்தான் இந்த விளக்கை அறிவித்தீர்கள். செத்தவருக்கு விளக்கு ஏற்றுவது நம் வழக்கம், ஒப்புக்கொள்கிறேன். அவர் படத்துக்குப் பக்கத்தில் ஒரு குத்துவிளக்கு எரிகிறது, அதை யாரும் அணைக்கச் சொல்லவில்லை. ஆனால் பத்தாள் உயரத்துக்கு மேல் ஒரு கம்பத்தை நட்டு, ஊரையே பகலாக்கி, அதில் ஒருவர் பெயரை எழுதினால்தான் மரியாதை என்று நமக்கு யார் சொல்லிக் கொடுத்தது? ஒருவர் என்ன சொன்னார் என்று காது கொடுத்துக் கேட்பது மரியாதை இல்லையா? அவர் உயிரோடு இருந்து மனுவும் கையுமாக நடந்தபோது கேட்காத காதுகள், செத்த பிறகு மாலை வாங்கி வருகின்றனவே, அந்த மாலையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இனிமேல் அந்த விளக்கை யாராவது எதிர்த்தால் என்ன சொல்வீர்கள்? கலைப்பிரியா மேடம் பெயரில் உள்ள விளக்கையா எதிர்க்கிறாய் என்பீர்கள். அவர் வாயை அவர் பெயராலேயே அடைப்பீர்கள். நீங்கள் அப்படி நினைத்துச் செய்யவில்லை. ஆனால் நடக்கப் போவது அதுதான். நாளைக்கு அங்கே குருவி செத்து விழுந்தால் அந்தக் கல்வெட்டின் மேல்தான் விழும். அவர் பெயரின் மேல் விழும்.

இந்த விளக்குச் செய்தியை, நீங்கள் மேடையில் பேசிக்கொண்டிருந்தபோதுதான் வீரம்மாள் அம்மா கேட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் அழவில்லை. என் கையைப் பிடித்துக் கேட்டார்: "வக்கீல் தம்பி, எம்பொண்ணு வேணாம்னு சொன்ன லைட்டுதான இது? அவ செத்துட்டானு தைரியமா வெக்கறாங்களா?" இல்லை அம்மா, தெரியாமல் வைக்கிறார்கள் என்றேன். "தெரியாமன்னா, அவ அத்தினி வாட்டி வந்து சொன்னாளே, அது யாருக்குச் சொன்னா?" என்றார். அந்தக் கேள்வியை அப்படியே மேடைக்குக் கொண்டுவந்திருக்கிறேன். பதில் தெரிந்தவர்கள் கீழே இறங்கி வந்து அவரிடம் சொல்லுங்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இரங்கல் தீர்மானத்தை முன்மொழிகிற பொறுப்பை எனக்குக் கொடுத்திருக்கிறீர்கள். தீர்மானத்தில் மூன்று பகுதிகள் இருக்கின்றன. முதலாவது, பேராசிரியர் கலைப்பிரியாவின் மறைவுக்கு இந்தக் கூட்டம் ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறது. இரண்டாவது, அவரது தாயாருக்கும் மாணவிகளுக்கும் ஆறுதல் சொல்கிறது. மூன்றாவது, விளக்கு. முதல் இரண்டையும் மனதார முன்மொழிகிறேன். மூன்றாவதை முன்மொழிய மாட்டேன். நீக்கிவிடுங்கள் தலைவர் அவர்களே.

தலைவர் என்னைக் கூப்பிட்டு ஏதோ சொல்கிறார், கேட்டுக்கொள்கிறேன். அச்சடித்து எல்லாருக்கும் கொடுத்தாயிற்று, மூன்றும் சேர்ந்து ஒரே தீர்மானம், இனிமேல் பிரிக்க முடியாது என்கிறார். எல்லாரும் எழுந்து நின்று மௌனமாக இருந்தால் நிறைவேறியதாக எடுத்துக்கொள்வோம், அதுதான் வழக்கம் என்கிறார்.

சரி. வழக்கத்துக்குக் கட்டுப்படுகிறேன். அதற்கு முன்னால், இப்படிப்பட்ட கூட்டத்தில் பேசுகிறவன் ஓர் உறுதிமொழி சொல்லிவிட்டு இறங்க வேண்டும் என்றும் ஒரு வழக்கம் இருக்கிறது. அவர் விட்டுச் சென்ற பணியைத் தொடர்வோம் என்று பொத்தாம் பொதுவாகச் சொல்ல எனக்கு மனமில்லை. என்ன செய்வோம் என்று சொல்கிறேன். ஆன்டெனாக்கள் நான்கும் இருந்த இடத்தில்தான் இருக்கும். அவற்றை அவருடைய மாணவி ஷாலினி பார்த்துக்கொள்வார். இந்த ஐப்பசிக்கு வந்த குருவிகளுக்கும் அவரே கருவி பொருத்துவார். ஊர்க் கட்டுப்பாடு தொடரும் என்று பஞ்சாயத்தார் என்னிடம் சொல்லிவிட்டார்கள். வருகிற திங்கட்கிழமை அதே மனுவை எடுத்துக்கொண்டு நான் விழுப்புரம் போகிறேன். அவர் ஒருவர் கையெழுத்துப் போட்ட இடத்தில் மரக்காணமும் ஒலக்கூரும் கையெழுத்துப் போடும். அந்த விளக்குத் திட்டத்தைக் கைவிடுகிற வரைக்கும் இது கோர்ட்டிலும் நடக்கும், கோரைக்கரையிலும் நடக்கும்.

இந்த நேரத்துக்கு அங்கே குருவிகள் இறங்கிக்கொண்டிருக்கும். இன்னும் அங்கே இருட்டு இருக்கிறது. அது இருப்பதும் போவதும் இன்னும் சில நிமிஷத்தில் இந்த மண்டபத்தில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

தலைவர் எழுந்து நிற்கச் சொல்வார். பெரியவர்களே, தாய்மார்களே, மாணவிகளே, செத்தவருக்காக எழுந்து நிற்பதுதான் மரியாதை என்று நமக்குப் பழக்கம். இன்றைக்கு எழுந்து நின்றால் விளக்கு நிறைவேறிவிடும். கலைப்பிரியாவுக்காக எழுந்து நிற்கக் கூட முடியாத நிலைமைக்கு நம்மைக் கொண்டுவந்து விட்டார்கள். இந்தக் கோபம் எனக்குச் சாகிற வரைக்கும் ஆறாது. ஆனாலும் கேட்கிறேன். கும்பிட்டுக் கேட்கிறேன். எழுந்திருக்காதீர்கள். உட்கார்ந்த இடத்திலேயே தலையைக் குனிந்து அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

மைக்கை வைக்கிறேன். கீழே வீரம்மாள் அம்மாவுக்குப் பக்கத்தில் என் நாற்காலி காலியாக இருக்கிறது. நான் போய் அதில் உட்காரப் போகிறேன்.